கரண்டி அக்கா யாரைப் பார்க்கிறாள்

என் மூஞ்சியைப் பார்த்து ஊரே சிரித்த அந்த ஒரு மாதத்தில் நான் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அதுல என்ன இருக்கு, ஜாலியா எடுத்துக்கணும்" என்று சொல்ல வருகிறவர்கள் வாசலோடு நின்றுகொள்ளலாம்.

படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சை ஏப்ரன் போட்ட ஒரு பெண். நெற்றியில் வேர்வையில் ஒட்டிய முடி. தோள் உயரத்துக்குத் தூக்கிய கரண்டி. ஒரு புருவம் மேலே, ஒன்று கீழே. உதடு இறுகியிருக்கும். கண் மட்டும் படத்துக்கு வெளியே இடது பக்கம் யாரையோ பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு மேலே ஒரு வரி எழுதிப் போட்டால் மீம். 'அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடலாம்னு சொல்லிட்டு அவர் குளிக்கப் போனப்போ.' 'உடம்பு சரியில்லன்னா ஆபீஸ்ல வந்து படுத்துக்கோன்னு மேனேஜர் சொன்னப்போ.' அந்தப் பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் கரண்டி அக்கா. அது நான்தான்.

எடுத்தவன் என் கொழுந்தன். வயது இருபத்தேழு. மீம் பேஜ் நடத்துவதுதான் வேலை, வேறு வேலை இல்லை. கல்யாணம், சாவு, கரண்ட் போனது, பூனை குறுக்கே போனது, எதையும் படம் பிடித்துவிடுவான்.

எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் வீட்டுக் கூடத்தில். மாமியாருக்கு அடுத்த மாதம் முட்டியில் ஆபரேஷன். அதைப் பற்றிப் பேச என் கணவரின் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பேசினார்கள், நான் பரிமாறினேன். "மூணு மாசம் யாரு கூட இருந்து பாத்துக்கறது?" என்று யாரோ கேட்டார்கள். சோபாவில் சாய்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தாமலே, "அவ வேலைய விடறா. அதெல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றார். யாரோடு பேசி முடித்தார் என்று எனக்குத் தெரியாது, என்னோடு இல்லை. ஒரு கையில் பாத்திரமும் ஒரு கையில் கரண்டியுமாகத் திரும்பி அவரைப் பார்த்தேன். கொழுந்தன் அந்த நொடியில் எடுத்துவிட்டான். சாயங்காலமே பேஜில் போட்டும்விட்டான்.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிறவள். ஒன்பது வருடமாக அந்த இருட்டு அறையில் உட்கார்ந்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிடித்த வேலை. ஊருக்கு அந்தக் கோடியில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடுவதாக அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். வீட்டில் சொன்னபோது கணவர், "அவ்வளவு தூரமா?" என்று கேட்டதோடு சரி.

மறுநாள் திங்கட்கிழமை. கடை ஹெச்.ஆர். மேடத்திடமிருந்து மெயில் வந்தது. என் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். முப்பது நாள் நோட்டீஸாம். இத்தனை வருட உழைப்புக்கு நன்றியாம்.

நான் எழுதாத ராஜினாமா. ஃபோனில் தேடினால், அனுப்பிய மெயில்களில் அது உட்கார்ந்திருந்தது. ஞாயிறு மதியம் ஒன்று இருபதுக்குப் போயிருக்கிறது. குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று ஆரம்பித்து நான்கே வரி.

வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டேன். "நீங்க அனுப்பினீங்களா?"

"நானா? உன் ஃபோன்லேந்து போயிருக்கு. என்னைக் கேக்கற?"

"என் ஃபோன் பேட்டர்ன் உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? நீதான் கோவத்துல கிச்சன்ல நின்னு அனுப்பியிருப்ப. கோவம் வந்தா உனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. அப்புறம் மறந்துட்டு என் மேல பழி போடற."

மாமியார் காலை நீட்டி உட்கார்ந்தபடியே, "போனது போகட்டும் விடும்மா. வீட்ல இருந்தா உனக்கும் ரெஸ்ட்டா இருக்கும்" என்றார். அவருடைய முட்டிக்கு மூன்று மாதம் சேவகம் செய்வதுதான் என் ரெஸ்ட். பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

ஹெச்.ஆர். மேடத்திடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் இருபது வருடமாகப் பொய் கேட்டுக் கேட்டுக் காது தடித்துப்போனவர். "ஞாயித்துக்கிழமை வீட்ல சண்டை போட்டு ராஜினாமா அனுப்பிட்டு, திங்கட்கிழமை நான் அனுப்பலைன்னு வர்றவங்கள நிறையப் பாத்திருக்கேன்ம்மா" என்றார். "உங்க மெயில், உங்க ஃபோன். புது கிளைக்கு வேற ஆள் பேர் மேல போயாச்சு. நீங்க அனுப்பலைன்னா அதைக் காட்ட ஏதாவது கொண்டு வாங்க, நான் பேசறேன். முப்பது நாள் இருக்கு."

எதைக் கொண்டுபோவது? அன்றைக்கு நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்தது யார் ஃபோன் என்று இப்போது சத்தியம் பண்ணச் சொன்னால் என்னால் முடியாது.

அதற்குள் கரண்டி அக்கா ஊரைச் சுற்றக் கிளம்பிவிட்டாள். கடையில் ஒவ்வொரு நாளும் கூத்துதான். மங்கலாகத் தெரிகிறது என்று வந்து உட்காருவார்கள். ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் போடுவேன். சரியான லென்ஸ் விழுந்ததும் எழுத்துப் பலகையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "நீங்க... கரண்டி அக்காதானே?" கண்ணைக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அது. ஒரு கல்லூரிப் பெண், "அக்கா, ஒரே ஒரு தடவ அந்த மாதிரி பாருங்களேன்" என்று ஃபோனைத் தூக்கினாள். பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். பயந்துபோய்க் கண்ணாடி வாங்காமலே போய்விட்டாள்.

வீட்டில் இன்னும் மோசம். சாப்பிடும்போது கொழுந்தன் ஒவ்வொரு மீமாகச் சத்தமாகப் படிப்பான். என் கணவர் புரையேறச் சிரிப்பார். அவரே ஒன்று எழுதினார். 'பக்கத்து வீட்டுச் சமையல் சூப்பர்னு வாய் தவறிச் சொன்னப்போ.' அதற்கு இரண்டாயிரம் பேர் சிரித்ததை எனக்கே காட்டினார்.

"எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கறாங்க. கடையில தலைகாட்ட முடியல" என்றேன்.

"சிரிச்சா குறைஞ்சா போயிடுவ? இன்னும் மூணு வாரம். அப்புறம் வீட்லதானே இருக்கப்போற" என்றார். பேசிக்கொண்டே கையை நீட்டித் தண்ணீர் கேட்டார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மதிய இடைவேளையில் என் மூஞ்சியையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி, ஓரத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. படத்தின் இடது விளிம்பில், கீழே, நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள். அதன் மேல் ஒரு விரல் நுனி. வேறு மீமை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மஞ்சள், என் ஃபோன் உறையின் நிறம். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் மஞ்சள் உறை கிடையாது.

அதாவது கொழுந்தன் வெட்டிப் போட்ட படத்துக்கு வெளியே என் கணவர் இருக்கிறார். அவர் கையில் என் ஃபோன் இருக்கிறது. அவர் தலைக்கு மேலே கூடத்துக் கடிகாரமும் இருக்க வேண்டும், சோபாவுக்கு நேர் மேலேதான் அது மாட்டியிருக்கிறது. முழுப் படம் ஒன்று போதும் எனக்கு.

கொழுந்தனிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அந்தப் படத்தோட ஒரிஜினல் இருக்கா?"

"எதுக்கு அண்ணி?"

"சும்மா, பாக்கத்தான்."

"அதெல்லாம் எப்பவோ டெலிட் பண்ணிட்டேன் அண்ணி" என்றான். ஃபோனில் எண்பதாயிரம் படம் வைத்திருப்பவன், ஒன்றையும் அழிக்காதவன். கேட்டது நான் என்பதற்காகச் சொன்ன பொய் அது. அண்ணன் ஏதாவது சொல்லிவைத்திருக்கிறாரோ, இல்லை நான் வழக்கு கிழக்கு என்று போய்விடுவேன் என்று பயந்தானோ, தெரியாது. எனக்குக் கொடுக்க மாட்டான் என்பது மட்டும் தெரிந்தது. ஊர் கேட்டால் கொடுப்பான். லைக்குக்காக அவன் எதையும் செய்வான்.

அன்றைக்கே பொய்ப் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். 'மூக்குக்கண்ணாடி' என்று பெயர் வைத்தேன். என் மூஞ்சிக்கு நானே வசனம் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எழுதியது இது: 'பொண்டாட்டி வேலைக்கு உலை வச்சவனுக்கே சோறு போடும்போது.' மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவன் கீழே, "அழுகை வருது பாஸ், காமெடி எங்க?" என்று கேட்டிருந்தான். அடுத்த பத்தும் அப்படித்தான். உள்ளே இருந்த ஆத்திரத்தை அப்படியே கொட்டினேன், ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

தொழிலைச் சொல்லிக்கொடுத்தவன் கொழுந்தனேதான், அவனுக்குத் தெரியாமல். சாப்பாட்டு மேசையில் எந்தப் புதுப் பையனையோ ஃபோனில் திட்டிக்கொண்டிருந்தான். "டேய், படத்துல தெரியறதையே எதுக்குடா எழுதற? கோவமா இருக்கான்னு படமே சொல்லுதே. படத்துல இல்லாதத எழுது. யார் என்ன சொன்னான்னு எழுது. பாதியோட நிறுத்து. மீதிய மூஞ்சி பாத்துக்கும்."

நான் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தேன். உருப்படியாக அவன் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

அன்று மாலை எழுதியது: '"நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது" – முதல் மூணு வார்த்தையிலயே.' பதினோராயிரம் பேர் சிரித்தார்கள். அடுத்தது: 'அவர் கேட்ட கடைசிக் கேள்வி: "நீ வீட்ல சும்மாதானே இருக்க?"' அது முப்பதாயிரத்தைத் தாண்டியது. கொழுந்தன் அதைத் தன் பேஜின் உச்சியில் குத்திவைத்தான். சாப்பிடும்போது, "யாருன்னே தெரியல, இந்த மூக்குக்கண்ணாடி செம ஆளு" என்றான். என் கணவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "கண்டிப்பா ஆம்பளதான். பொம்பளைங்களுக்கு இந்த அளவுக்குக் காமெடி வராது."

நான் தண்ணீர் ஊற்றினேன்.

பதினெட்டாம் நாள் விதையைப் போட்டேன். 'கரண்டி அக்கா யாரைப் பார்க்கிறாள்? சரியாகச் சொல்பவருக்கு அதே கரண்டியால் ஒன்று.' அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மாமியாரை என்றார்கள். வாடகை கேட்டு வந்தவரை என்றார்கள். சாப்பாட்டில் வாய் வைத்த பூனையை என்றார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். யாரோ ஒருவன் அந்த மஞ்சளைக்கூடக் கண்டுபிடித்துவிட்டான், எலுமிச்சம்பழம் என்று அடித்துச் சொன்னான். இரண்டே நாளில் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்: முழுப் படத்தைப் போடு.

கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு லட்சம் பேர் பேஜில் சேர்ந்ததும் முழுப் படம் என்று அறிவித்தான். எழுபதாயிரத்தில் நின்றிருந்தது எகிறத் தொடங்கியது. எனக்கோ நாள் குறைந்துகொண்டே வந்தது. இருபத்தைந்தாம் நாள் தொண்ணூற்று நான்காயிரம். கடையில் என் அலமாரியைக் காலிசெய்யச் சொன்னார்கள். என்னிடம் வந்த எல்லா வாடிக்கையாளரையும், "அந்தப் பேஜ்ல சேருங்க, கரண்டி அக்கா முழுப் படம் வருதாம்" என்று நானே சேரச் சொன்னேன். வெட்கத்தை எல்லாம் எப்போதோ துடைத்துப் போட்டாயிற்று.

இருபத்தெட்டாம் நாள், ஞாயிறு மதியம். மேசையில் நாங்கள் நான்கு பேர். "லட்சம்!" என்று கொழுந்தன் எழுந்து நின்று கத்தினான். "போட்றேன், போட்றேன், எல்லாரும் பாருங்க." ஃபோனைத் தட்டினான்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவன் வேலையே வெட்டுவது. படத்தில் சிரிப்பு வருகிற இடத்தை மட்டும் பார்ப்பான், வெட்டியெடுப்பான், மீதி அவனைப் பொறுத்தவரை காற்று. அந்தப் படத்தை எடுத்தவன் அவன், ஆயிரம் தடவை திறந்தவன் அவன், என் மூஞ்சியைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்காமல்தான் போட்டான்.

நான் என் ஃபோனை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, வந்த மறுநொடி படத்தைச் சேமித்தேன்.

எல்லாம் இருந்தது. இடது கையில் பாத்திரமும் வலது கையில் கரண்டியுமாக நான். சோபாவில் என் கணவர். அவர் கையில், மூலை உடைந்த மஞ்சள் உறையோடு என் ஃபோன். கட்டைவிரல் திரையின் மேல். தலைக்கு மேலே கடிகாரத்தில் ஒன்று இருபது.

கொழுந்தன் கருத்துகளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். "‘பூனை இல்ல, புருஷன்!’ ஹாஹா. ‘அக்கா உயிரே போற மாதிரி பாக்கறாங்க, மாமா ஃபோன நோண்டிட்டிருக்கார்.’ ‘மாமா கையில மஞ்சக் கவரா? அது லேடீஸ் ஃபோன் மாதிரி...’" அங்கே அவன் குரல் இறங்கியது. "‘யார் ஃபோன் மாமா அது?’"

என் கணவர் வாயில் வைத்த உணவோடு நிறுத்தினார். தம்பியின் ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"எடுடா அத. டேய், எடுன்னா எடு!"

நான்கு நிமிடத்தில் எடுத்துவிட்டான். நான்கு நிமிடத்தில் ஊரெல்லாம் போய்விட்டது. சாயங்காலம் அவருக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், ஃபோன் மாமா.

திங்கட்கிழமை காலை ஹெச்.ஆர். மேடத்தின் மேசையில் படத்தை வைத்தேன். பார்த்த உடனே சிரித்துவிட்டார். "அட, கரண்டி அக்கா! நீங்களா அது? என் பொண்ணு தினம் அனுப்புவா..." நான் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். நான் அளந்து கொடுத்த கண்ணாடி.

"இது உங்க ஃபோனா?"

ஃபோனை எடுத்து, உடைந்த மூலை தெரிய வைத்தேன். ராஜினாமா மெயிலையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். மெயிலில் இருந்த மணியையும் படத்திலிருந்த கடிகாரத்தையும் பார்த்தார். படத்தில் என் இரண்டு கையையும் பார்த்தார்.

"ரெண்டு கையும் ரொம்பி இருக்கு" என்றார் மெதுவாக. "நானும் நம்பலைல்ல" என்று சொல்லிவிட்டு மேலதிகாரிக்கு ஃபோன் போட்டார். மத்தியானத்துக்குள் ராஜினாமா ரத்து. புதுக் கிளைக்கு மறுபடி என் பெயர். எனக்கு அழுகை வந்தது. அந்த இருட்டு அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஆற அழுதேன்.

வீட்டுக்குப் போனபோது கணவர் அன்றைக்குச் சீக்கிரமே வந்து அதே சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை பார்க்கும் ஏசி கம்பெனியில் அவருடைய நாற்காலியில் யாரோ ஒரு மஞ்சள் ஃபோன் உறையை வைத்துவிட்டார்களாம். எதிரே மாமியார். ஓரமாகக் கொழுந்தன், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, அடிவாங்கிய முகத்தோடு.

"திருப்திதானே உனக்கு?" என்றார் கணவர். "ஊர் பூரா என்னப் பாத்து சிரிக்குது. மூக்குக்கண்ணாடி நீதானாமே. இவன் கண்டுபிடிச்சுட்டான்."

"ஆமா. பொம்பளைதான்."

"வீட்டு விஷயத்த இப்படியா சந்தி சிரிக்க வைப்ப? அம்மாவுக்காகத்தானே பண்ணேன்? கேட்டா நீ ஒத்துக்கவா போற?"

"அப்ப நீங்கதான் அனுப்பினீங்க."

அவர் சோபாத் தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இருபத்தொன்பது நாளாக நான்தான் மறந்துவிட்டேன் என்று சாதித்தவர். மாமியார் முட்டியைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"ஒரு மாசமா என் மூஞ்சியப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சீங்க" என்றேன். "மேல ஒரு வரி வேற எழுதினீங்க. அந்த மூஞ்சி யாரப் பாத்துட்டிருந்துச்சுன்னு ஒரு தடவையாவது தோணிச்சா? அன்னிக்கு நீங்க நிமிர்ந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"சரி, சரி. முடிஞ்சது முடிஞ்சுபோச்சு" என்றார் எரிச்சலாக. "வேலைக்குப் போ. யாரு வேணாங்கறா? ஆனா அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். மூணு மாசம் யாரு பாத்துக்கறது? அதுக்கு வழி சொல்லு."

"நீங்க லீவு போடுங்க. உங்க அம்மாதானே."

"மூணு மாசமா? எங்க ஆபீஸ்ல குடுக்க மாட்டாங்க. நான் எப்படிக் கேக்கறது?"

"நீங்க கேக்க வேணாம்" என்றேன். "உங்க ஃபோன் பேட்டர்ன் எனக்கும் தெரியும். நாலே வரிதான், குடும்பச் சூழ்நிலை காரணமாகன்னு ஆரம்பிச்சா போதும். நீங்க சாப்பிட்டுட்டிருக்கும்போது நான் அனுப்பிடறேன்."

அவர் கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த ஃபோனைப் பொத்திக்கொண்டது. பிறகு தலையை நிமிர்த்தி என் மூஞ்சியைப் பார்த்தார். நான் அப்போது எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. கொழுந்தன் ஃபோன் அவன் கையிலேயேதான் இருந்தது. அவன் அதைத் தூக்கவில்லை.